கும்பிடாமல் பார்த்த முகமது அலி

அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரத்தில் கலை அருங்காட்சியகத்துக்கு ஏறிப்போக 72 படிகள் இருக்கின்றன. வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருகிறவர்கள் அந்தப் படிகளில் மூச்சிரைக்க ஓடி ஏறி, உச்சியில் நின்று இரண்டு கைகளையும் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1976-ல் வெளிவந்த ‘ராக்கி’ படத்தின் நாயகன் அப்படித்தான் செய்வான். அந்தக் கற்பனைக் குத்துச்சண்டை வீரனுக்கு வெண்கலச் சிலையும் அந்த ஊரில் உண்டு. 1982-ல் வந்த மூன்றாவது ராக்கி படத்துக்காக வார்க்கப்பட்டது, பிறகு ஊருக்கே சொத்தாகிவிட்டது. அதே ஊரில் நிஜமான உலகச் சாம்பியன் ஒருவர் வாழ்ந்தார். இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே தொங்கிய மாட்டு உடல்களைக் குத்திப் பழகியதும், அந்தப் படிகளில் ஓடிப் பயிற்சி எடுத்ததும் தன் வாழ்க்கை என்றும், படம் அதை எடுத்துக்கொண்டது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். பெயர் ஜோ ஃப்ரேசியர். முதல் ராக்கி படத்தில் ஒரு காட்சியில் அவரும் வந்து போகிறார். அவருக்கு அந்த ஊரில் சிலை வந்தது 2015-ல், அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து.

நகர நிர்வாகத்தின் அசட்டை என்று இதைச் சொல்லிவிடலாம். அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் முகமது அலி. 1971-லிருந்து 1975 வரை மூன்று முறை மோதிய இரண்டு பேரில் ஒருவரை உலகம் மகானாக்கிவிட்டது. மகானின் கதையில் எதிரே நிற்கிறவருக்கு அரக்கனின் இடம்தான் மிஞ்சும். சினிமா நட்சத்திரங்களையும் அரசியல் தலைவர்களையும் விளையாட்டு வீரர்களையும் கும்பிடாமல் பார்த்து எழுதுகிறவர்களை வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள், வம்பர்கள் என்று நாம் ஒதுக்குகிறோம். அந்தப் பார்வை இல்லாமல் போனால் யாருக்கு அநியாயம் நடக்கிறது என்பதற்கு, விளையாட்டு வரலாற்றில் அலி–ஃப்ரேசியர் கதையைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. புகழ்பெற்றவரின் பக்கத்தில் நின்ற மற்றவர்களுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், புகழ்பெற்றவரைத் தலைநிமிர்ந்து பார்த்தே ஆக வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அலியின் பெருமையில் சந்தேகம் கிளப்புவது என் நோக்கம் இல்லை என்பதை அவருடைய வாழ்க்கையே சொல்லும். 1964 பிப்ரவரியில் சன்னி லிஸ்டனை வீழ்த்தி, 22 வயதில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். உடனே, கறுப்பின முஸ்லிம்களின் நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கத்தில் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, கேசியஸ் கிளே என்ற பெயரைத் துறந்தார். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில், வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கும் முகாமில் அவருடைய பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது முன்னால் வர மறுத்தார். அன்றைக்கே பட்டம் பறிபோனது. ஐந்தாண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று ஜூனில் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் மூன்றரை ஆண்டு மேடை ஏற முடியவில்லை. 25 வயதிலிருந்து 28 வயது வரை, ஒரு குத்துச்சண்டைக்காரனின் உடம்பு உச்சத்தில் இருக்கும் காலம் அப்படியே போயிற்று. உச்ச நீதிமன்றம் 1971 ஜூனில் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தபோது, போன வருடங்களை யாரும் திருப்பித் தரவில்லை. இதை அவர் தெரிந்தே செய்தார். இந்தத் துணிவு எந்த விசாரணையையும் தாங்கும். தாங்கும் என்பதால்தான் விசாரிக்கப் பயப்பட வேண்டியதில்லை என்கிறேன்.

அந்த வனவாச காலத்தில் அலிக்கு உதவியவர்களில் ஒருவர் ஃப்ரேசியர். அலி விட்ட இடத்தில் சாம்பியன் ஆனவர் அவர். அலியை மீண்டும் ஆட விட வேண்டும் என்று பகிரங்கமாகப் பேசினார். கையில் காசில்லாத நேரத்தில் பணம் கொடுத்தார். 1970-ல் ஒருநாள் இருவரும் ஒரே காரில் பிலடெல்ஃபியாவிலிருந்து நியூயார்க் போனார்கள். ஃப்ரேசியர் வண்டி ஓட்ட, பக்கத்தில் அலி. நீ என்னை எப்படி அடிப்பாய், நான் உன்னை எப்படிச் சாய்ப்பேன் என்று இருவரும் கேலி பேசிக்கொண்டே போன அந்தப் பயணத்தின் பேச்சு, அலியின் 1975 சுயசரிதையிலேயே இருக்கிறது. ஊருக்குள் போனதும் நாம் சேர்ந்திருப்பதை யாரும் பார்க்கக்கூடாது, பார்த்தால் சண்டைக்கு மவுசு போய்விடும் என்ற கவலை இருவருக்கும் இருந்தது. அந்த அளவுக்கு அவர்கள் அப்போது ஒரே பக்கம்.

குத்துச்சண்டை உரிமம் திரும்பக் கிடைத்து, சண்டைக்கு நாள் குறித்ததும் அலி தொடங்கினார். ஃப்ரேசியர் ஒரு ‘அங்கிள் டாம்’ என்றார். வெள்ளையருக்குக் கூழைக்கும்பிடு போடும் கறுப்பர் என்று பொருள். அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பின மனிதரை இன்னொரு கறுப்பின மனிதர் இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. இவரை ஆதரிக்கிற கறுப்பர் எவரும் துரோகி என்றார். அவலட்சணம், படிக்காதவன் என்றார். இருவரும் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் இந்தப் பேச்சின் கொடுமை புரியும். அலி லூயிவில் நகரத்துப் பிள்ளை, அப்பா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர், சொந்த வீடு. தொழிலில் இறங்கிய முதல் ஆறு ஆண்டு அவருக்குப் பணம் போட்டு வளர்த்தது அதே ஊரைச் சேர்ந்த 11 வெள்ளைப் பணக்காரர்கள். ஃப்ரேசியர் தெற்கு கரோலினாவின் பியூஃபோர்ட் பக்கத்தில், வயலில் உழைத்துப் பிழைத்த பெரிய குடும்பத்தில் பிறந்தவர். ஒரு கையை இழந்த அப்பாவுக்கு அந்தக் கையாக நின்று வேலை செய்த பையன். சிறு வயதில் பன்றி துரத்தி விழுந்து இடது கை முறிந்தது. வைத்தியம் பார்க்க வழியில்லாமல் கோணலாகவே கூடியது என்று அவர் சொல்வார். வெள்ளையர் ஆதிக்கத்தின் கீழ் கறுப்பர்கள் பட்டதை உடம்பிலேயே சுமந்தவர் யார் என்று கேட்டால், பதில் ஃப்ரேசியர்தான். ஆனால் பேசத் தெரிந்தவர் அலி. ஒலிவாங்கி அலி கையில் இருந்தது. நிருபர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பின மக்களில் பெரும்பகுதியினர் அலியை நம்பினார்கள்.

1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். இருவரும் அதுவரை தோற்றதே இல்லை. ஆளுக்கு 25 லட்சம் டாலர். பாடகர் ஃபிராங்க் சினாட்ரா மேடையருகே இடம் பிடிக்க ‘லைஃப்’ பத்திரிகையின் புகைப்படக்காரராக வந்திருந்தார் என்றால் அந்த இரவின் கவர்ச்சியைப் புரிந்துகொள்ளலாம். (நாடே வானொலியில் காது வைத்திருக்கும் என்று கணக்குப் போட்டு, அதே இரவில் பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் எஃப்பிஐ அலுவலகத்தைப் போர் எதிர்ப்பாளர்கள் சிலர் உடைத்து, அரசு தன் குடிமக்களை வேவு பார்த்த ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார்கள். அந்தச் சண்டை அரசியலுக்குச் செய்த மிகப் பெரிய உதவி அதுதான்.) பதினைந்தாவது, கடைசிச் சுற்று. ஃப்ரேசியர் உடம்பைத் தாழ்த்தி, இடது கையை இடுப்புக்குக் கீழிருந்து சுழற்றிக் கொண்டுவருகிறார். நிமிராத அதே இடது கை. அலியின் தாடையில் விழுகிறது. அலி மல்லாந்து விழுகிறார். காலணியின் சிவப்புக் குஞ்சம் காற்றில் பறக்கிறது. எழுந்து நின்று சுற்றை முடித்தார் என்பது அலியின் நெஞ்சுரம். நடுவர்கள் ஒருமனதாக ஃப்ரேசியரை வென்றவர் என்றார்கள். வென்றவர் பல நாள் மருத்துவமனையில் கிடந்தார். வென்ற பிறகும் அவர் கேட்டது துரோகி என்ற பட்டம்தான். அவருடைய பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அதைச் சொல்லியே வாட்டினார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எப்போதும் வரும். அதெல்லாம் சும்மா, டிக்கெட் விற்கப் பேசிய பேச்சு, வியாபாரம் என்பார்கள். அலியே 2001-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழிடம் மன்னிப்புக் கேட்டபோது, சண்டையை விளம்பரப்படுத்தத்தான் அப்படிப் பேசினேன் என்றார். அவர் மனதில் அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் இருவருக்கும் பேசிய தொகை முன்கூட்டியே உறுதியானது. வசவால் அது கூடப் போவதில்லை. வேறு எதிரிகள் பலரை அலி கிண்டல் செய்தபோது கேலி மேடையோடு முடிந்தது. ஃப்ரேசியர் மீது அவர் வீசியது ஒரு சமூகத்திலிருந்தே ஆளைத் தள்ளிவைக்கும் வார்த்தை. சொன்னவருக்கு அது ஒரு நாள் வேலை. கேட்டவருக்கு முப்பது வருடக் காயம். விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிற சமாதானத்தை நம் தெருவில் ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வோமா என்று பார்த்தால் போதும். அலி சொன்னார் என்பதற்காக மட்டும் அதை ஒப்புக்கொள்கிறோம் என்றால், எடைபோடும் தராசை அவருக்காக மாற்றியிருக்கிறோம்.

1975-ல் மணிலாவில் மூன்றாவது சண்டை. இம்முறை அலி கொரில்லா என்று எதுகை பிடித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ரப்பர் கொரில்லாவை எடுத்து, நிருபர்கள் நடுவே அதைக் குத்திக் காட்டினார். கறுப்பின மனிதரைக் குரங்கு என்பது வெள்ளை இனவெறியின் மிகப் பழைய வசவு. அதை இனவெறிக்கு எதிரான அடையாளமாகக் கொண்டாடப்பட்டவர் எடுத்தபோது, சுற்றியிருந்த நிருபர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பத்திரிகைத் தொழிலுக்கும் பங்கு உண்டு. சண்டைக்குப் பணம் போட்ட பிலிப்பைன்ஸில் 1972-லிருந்து ராணுவச் சட்டம் நடந்தது. அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் தன் ஆட்சியை உலகத்துக்கு அழகாகக் காட்ட இந்த விழாவை எடுத்தார். அதற்கு முந்தைய வருடம் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் நடந்த சண்டையில் அன்றைய சாம்பியன் ஃபோர்மனுக்கும் அலிக்கும் ஆளுக்கு 50 லட்சம் டாலர் கிடைக்க வழிசெய்தது அந்த நாட்டை ஆண்ட மொபுட்டுவின் சர்வாதிகாரம். வியட்நாமில் ஏழைகளைக் கொல்லப் போக மாட்டேன் என்றவர், தம் ஏழைகளை நசுக்கிய இரண்டு ஆட்சிகளின் விளம்பரப் பதாகையாகவும் நின்றார். இரண்டும் ஒரே மனிதர் செய்தவை. மணிலாவை ஒட்டிய கேசன் நகரத்தின் கூபாவ் பகுதியில் 1976-ல் திறந்த வணிக வளாகத்துக்கு அலி மால் என்று பெயர் வைத்தார்கள். மணிலாவில் அன்று காலை வெக்கையில் பதினான்கு சுற்று நின்ற இன்னொருவர் பெயரில் ஒன்றும் இல்லை. ஃப்ரேசியரின் வலது கண் வீங்கி மூடிவிட்டது. இடது கண்ணில் ஏற்கெனவே புரை. பதினைந்தாவது சுற்றுக்கு எழப் பார்த்தவரைப் பயிற்சியாளர் எடி ஃபட்ச் தோளில் கைவைத்து உட்காரவைத்தார். மறுமூலையில் அலியும் நிற்க முடியாமல் சரிந்தார். சாவுக்கு அவ்வளவு கிட்டத்தில் போய் வந்ததாக அவரே பிறகு சொன்னார்.

இந்தக் கதை எப்படி மகானின் கதையாயிற்று? 1984-ல் அலிக்கு பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. வாயாடி மௌனமானார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையால் அவர் தீபம் ஏற்றியதைப் பார்த்து, ஒரு காலத்தில் அவரை வெறுத்த நாடு அழுதது. அந்தக் கண்ணீர் உண்மையானது. ஆனால் பேச முடியாத அலியை நேசிப்பது எளிது. பேசிய அலியை நேசிக்க அந்த நாட்டால் முடியவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் கலக்கக்கூடாது, கலப்புத் திருமணம் கூடாது என்று 1960-களில் அவர் சொன்னதெல்லாம் கதையிலிருந்து மெல்ல உதிர்ந்தது. 2006-ல் தன் பெயர், உருவம் ஆகியவற்றின் உரிமையில் 80 சதவீதத்தை 5 கோடி டாலருக்கு ஒரு கேளிக்கை நிறுவனத்துக்கு விற்றார். எல்விஸ் பிரெஸ்லியின் பெயரையும் அதே நிறுவனம்தான் வைத்திருந்தது. விற்பனைக்குப் போகும் பொருளில் முள் இருக்கக்கூடாது அல்லவா! அலியின் வாழ்க்கையை விரிவாக எழுதிய தாமஸ் ஹவுசரே, உண்மையான அலியைத் துடைத்து எடுத்துவிட்டார்கள் என்று பின்னாளில் வருத்தப்பட்டு எழுதினார். வெள்ளையர் உணவகத்தில் சாப்பாடு மறுத்ததால் ஒலிம்பிக் தங்கத்தை ஒஹாயோ ஆற்றில் எறிந்தார் என்ற கதை இன்றும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில்கூட வரும். அது அவருடைய சுயசரிதையில் வந்த கதை. பதக்கம் தொலைந்துபோனது என்றுதான் அவரோடு நெருங்கி இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். இன ஒதுக்கல் நிஜம். அதைச் சொல்ல ஆறும் பதக்கமும் தேவைப்படவில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அலியின் குறைகளை எடுத்தால் அது இனவெறியர்களுக்கு ஆயுதமாகும் என்பது. இதை லேசாகத் தள்ள முடியாது. அப்படிப் பயன்படுத்தியவர்கள் உண்டு. மணிலாவை நேரில் கண்டு எழுதிய மார்க் கிராம் 2001-ல் ‘கோஸ்ட்ஸ் ஆஃப் மணிலா’ என்ற புத்தகத்தில் ஃப்ரேசியரின் வலியைப் பெரிய அளவில் எழுதினார். அது நல்ல காரியம். அதோடு நிற்காமல், அலிக்கு அரசியலே கிடையாது, இயக்கம் ஆட்டிவைத்த பொம்மை அவர் என்கிற அளவுக்குப் போனார். அங்கே நான் அவரோடு இல்லை. சிறைக்குப் போகவும் தயாராக மூன்றரை ஆண்டு நின்றவரைப் பொம்மை என்பது, கும்பிட்டவர்கள் செய்த அதே தவறைத் தலைகீழாகச் செய்வது. அங்கேயும் ஆதாரத்தைவிட ஆவேசம் முந்திக்கொள்கிறது. இனவெறியர்களுக்கு ஆதாரம் தேவையே இல்லை, அவர்கள் இல்லாததைச் சொல்வார்கள். மறைத்து வைத்த உண்மை அவர்கள் கையில் சிக்கும்போதுதான் அது ஆயுதமாகிறது. நேசிக்கிறவர்களே முதலில் சொல்லிவிட்டால் அதற்கு முனை மழுங்கிவிடும். அலி இதைத் தன் கடைசிக் காலத்தில் செய்தார். 1964-ல் கானாவில், இயக்கத்தை விட்டு விலகியிருந்த பழைய நண்பர் மால்கம் எக்ஸ் ஆசையோடு கூப்பிட்டபோது முகம் திருப்பிக்கொண்டு போனது தன் வாழ்க்கையில் மிகவும் வருந்தும் தவறுகளில் ஒன்று என்று 2004-ல் எழுதினார். மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது 39 ஆண்டு ஆகியிருந்தது. இதைப் படிக்கும்போது அவர்மேல் எனக்கு மதிப்பு கூடத்தான் செய்கிறது.

கும்பிடாமல் பார்த்தால் குறை மட்டும் தெரியும் என்பதும் தவறு. 1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் பழைய நண்பர் ஜிம்மி எல்லிஸோடு காட்சிக்காகக் குத்துச்சண்டை போட்டார். அப்போது முதல்வராக இருந்த எம்.ஜி.ஆரோடு அவர் நிற்கும் படத்தை இன்றும் நம் ஊரில் பகிர்ந்து மகிழ்கிறோம். அந்த எல்லிஸைத் தோற்கடித்துத்தான் 1970-ல் ஃப்ரேசியர் முழுச் சாம்பியன் ஆனார் என்பது நம் நினைவில் இல்லை. அந்த இந்தியப் பயணத்தின்போதுதான் அமெரிக்க அதிபர் கார்ட்டரின் வேண்டுகோள் வந்தது: ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆப்பிரிக்க நாடுகளைச் சம்மதிக்கவைக்க வேண்டும். அலி இங்கிருந்தே தான்சானியா போனார். அதிபர் நியரேரே அவரைச் சந்திக்கக்கூட மறுத்தார். 1976-ல் தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்து நாங்கள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது அமெரிக்கா எங்கே போனது என்று நிருபர்கள் கேட்டார்கள். அது தனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன் என்கிற மாதிரி அலி அந்த இடத்திலேயே பேசினார். தூது தோற்றது, தான்சானியாவும் நைஜீரியாவும் மாஸ்கோ போயின. வெற்றிகளை மட்டும் பாடும் கதையில் இந்தப் பயணம் வராது. ஆனால் உலகமே பார்க்க, எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு கருத்தை மாற்றிக்கொள்ள எத்தனை பிரபலங்களுக்கு மனம் வரும்? ஹூஸ்டனில் முன்னால் வர மறுத்த துணிவுக்குப் பக்கத்திலேயே வைக்கத்தக்க குணம் இது.

ஃப்ரேசியரையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். அவர் கசப்பில் ஊறினார். அலியின் நோய்க்குத் தன் குத்துகளே காரணம் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அட்லாண்டாவில் தீபத்துக்குள் தள்ளிவிட்டிருப்பேன் என்கிற மாதிரி பேசினார். நோயாளியைப் பற்றி அப்படிப் பேசியதற்கு, பட்ட காயம் காரணமாகலாம், நியாயமாகாது. பிற்காலத்தில் பிலடெல்ஃபியாவின் வடக்கு பிராட் தெருவில் தன் பயிற்சிக்கூடத்தின் மாடியிலேயே குடியிருந்தார். அக்கம்பக்கத்து ஏழைப் பையன்கள் பல பேர் அங்கேதான் குத்துச்சண்டை கற்றார்கள். வெள்ளையரின் ஆள் என்று பெயர் வாங்கியவர் பல ஆண்டு குடியிருந்தது கறுப்பின மக்களின் தெருவில். அவர் காலி செய்த பிறகு அந்தக் கட்டடத்தில் மரச்சாமான் கடை வந்தது.

ஃப்ரேசியர் 2011 நவம்பர் 7 அன்று ஈரல் புற்றுநோயால் இறந்தார். ஒரு வாரம் கழித்து பிலடெல்ஃபியாவில் ஒரு தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. கறுப்பின மக்கள் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் பேசினார். ராக்கி சாம்பியன் இல்லை, ஜோ ஃப்ரேசியர்தான் சாம்பியன் என்று ஊருக்குச் சொல்லுங்கள் என்றார். பிறகு எல்லோரும் எழுந்து ஜோவுக்காகக் கைதட்டுங்கள் என்றார். கூட்டத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு, பக்கத்தில் ஆள் தாங்க உட்கார்ந்திருந்தார் முகமது அலி. அவருக்கு அப்போது 69 வயது; பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. அவரை எழுப்பிவிட்டார்கள். நடுங்குகிற இரண்டு கைகளையும் சேர்த்து அவர் தட்டினார்.